வேனுக்கு மட்டும் இடம் கொடுத்த தெரு

‘ஹாரன்’ என்று அழைக்கப்பட்ட பள்ளி வேன் ஓட்டுநர். பிறப்பு 1953, இறப்பு 2018.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஓட்டுநர் உரிமத்திலும் வீட்டு வசதி வாரியத்தின் காத்திருப்போர் பட்டியலிலும் தவிர அதற்கு வேறெங்கும் வேலை இருக்கவில்லை. அவர் வாங்கிய முதல் வேனின் ஹாரன் ஒரு மாதத்திலேயே ஊமையாகிவிட்டது. பழுது பார்க்க நேரமில்லாமல், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலையை வெளியே நீட்டிக் குரல் கொடுக்கத் தொடங்கினார். அந்தக் குரலுக்குத் தெருக்கோடியில் தூங்குபவரும் எழுந்து உட்காருவார். ஹாரனைச் சரிசெய்த பிறகும் பிள்ளைகள் அதைத் தொட விடவில்லை. “ஹாரன் மாமா, நீங்களே கத்துங்க!” என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அது வசதியான தெரு. உயரமான கேட்டுகள், கேட்டுக்குள் கார்கள், கார்களுக்குப் பின்னால் புல்தரை. அத்தெருவின் பிள்ளைகளை 1986 முதல் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் அவர். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்தப் பிள்ளை காலணியை விட்டுவிட்டு இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். “ஹாரன் நம்ம வீட்டு மனுஷன்” என்பது தெருவில் எல்லோரும் சொல்லும் வார்த்தை. சொல்வதற்குச் செலவில்லாத வார்த்தை.

அவருடைய மனைவி அதே தெருவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்த்தார். தொடக்கத்தில் இருவரும் தெருவுக்குப் பின்புறச் சந்தில், சைக்கிள் கடையின் மாடியில், ஓர் அறையில் குடியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே காற்றடிக்கும் பம்பின் சத்தம் கேட்கும்; ஆனாலும் வேலைக்கு நடந்தே போய்விடலாம். சந்து இடிபட்டு வணிக வளாகமானது. ரயில் பாதைக்கு அப்பால் போனார்கள். அங்கே அலுவலகக் கட்டடங்கள் எழுந்ததும், வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மகளுக்கு அப்போது ஏழு வயது. பிறகு ஆற்றுப் பாலத்துக்கு அப்பால். அதன் பிறகு பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில், குப்பை மேட்டைப் பார்த்த வீடு. ஒவ்வொரு முறையும் நகரம் அவர்களை ஒரு தள்ளுத் தள்ளியது. தள்ளியது யார் என்று கேட்டால், எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

கடைசி வீட்டின் சந்தில் வேன் நுழையவில்லை. வசதியான தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போய் நின்றார் ஹாரன். தலைவர் பெரிய நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “இதுக்குப் போய் கேக்கணுமாப்பா? தெரு முனையில நிறுத்திக்கோ” என்றார். சங்கச் செலவிலேயே அங்கே சிமெண்டுத் தரை போட்டார்கள். மேலே தகரக் கூரையும் வேய்ந்தார்கள். ஆக, வேன் அந்தத் தெருவில் குடியிருந்தது. வேனை ஓட்டியவரும் அவர் மனைவியும் இருட்டோடு எழுந்து, மூன்று பஸ் மாறி அங்கே வந்து சேர்ந்தார்கள்.

மனைவிக்கு முழங்கால் வலி. பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுவார்.

“ஏங்க, நான் செத்தா, பஸ் ஸ்டாண்டில் குடியிருந்தவர்னு போட்டோவுக்குக் கீழ எழுதிடுங்க.”

“எழுதறேன். முதல்ல ஏறு, பின்னால வர்றவன் திட்டறான்.”

“ஒரே ஒரு நாள் விடிஞ்சப்புறம் எழுந்திருக்கணுங்க. வேற எதுவும் நான் கேக்கல.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுக்கக்கூடிய இடம் ஒன்று தெருக்கோடியிலேயே இருந்தது. எப்போதோ மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் காலி மனை அது. 2011இல் வீட்டு வசதி வாரியம் அங்கே குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டப்போவதாக அறிவித்தது. அந்த வட்டாரத்தில் வேலை செய்து, சொந்த வீடில்லாத, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு. சம்பாத்தியத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கிடையாது. செலவில் பாதி அரசின் வீட்டு நிதி. மறு பாதி, பெரிய கட்டடம் கட்டுவோரிடம் வசூலிக்கும் வரி. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வட்டார மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பெரும்பான்மை எதிர்த்தால், நிதி வேறு நகரத்துக்குப் போய்விடும். இல்லாதவனுக்கு வீடு கட்ட இருப்பவனிடம் சம்மதம் கேட்கும் அந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியாது. சொந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஹாரனின் விண்ணப்பம் மிகப் பழையது. வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. கட்டடம் வந்தா முதல் சாவி உங்களுக்குத்தான்.”

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, அவர் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். பிறகு, “சமையலறையில ஜன்னல் இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

அறிவிப்பு வந்த வாரமே தெரு கொதித்தெழுந்தது. ஒவ்வொரு கேட்டிலும் ‘எங்கள் தெருவைக் காப்போம்’ என்று துணிப் பதாகைகள் தொங்கின. ஒன்றை வேனின் பின்பக்கத்திலும் கட்டினார்கள். ஹாரனைக் கேட்டுக் கட்டவில்லை. நம்ம வீட்டு மனுஷனிடம் என்ன கேள்வி? காலையில் மனைவி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நல்லா இருக்கு போங்க. நம்மகிட்டேருந்து தெருவைக் காப்பாத்தச் சொல்லி நீங்களே ஊரெல்லாம் விளம்பரம் ஓட்டறீங்க.”

அவருக்குக் காது சிவந்தது. அவிழ்க்கக் கை போயிற்று. பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள், கை திரும்பிவிட்டது. அன்று முழுவதும் அந்தத் துணி அவர் முதுகுக்குப் பின்னால் படபடத்துக்கொண்டே வந்தது.

மாலையில் தலைவர் வீட்டு முன்வாசலில் சங்கம் கூடியிருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த ஹாரனின் காதில் எல்லாம் விழுந்தது. மறைவாகப் பேசவேண்டும் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இல்லை.

“இந்தத் தெருவுக்குன்னு ஒரு தரம் இருக்கு” என்றார் பல் டாக்டரம்மா. “அது போச்சுன்னா திரும்ப வராது.”

“சாக்கடை தாங்காது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்” என்றார் தலைவர். அவர் வீட்டில் குளியலறைகள் ஐந்து.

“வீட்டு விலை இறங்கிடும் அங்கிள், அதை யாரும் சொல்லமாட்டேங்கறீங்க” என்றான் இளம் வக்கீல். இவனே வளைவில் வாந்தி எடுத்த பிள்ளை. அப்போதெல்லாம் வேனை நிறுத்தி, முகம் கழுவிவிட்டு, தன் துண்டால் துடைத்து முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார் ஹாரன்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஹாரன் நிற்பது கண்ணில் பட்டது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் கைகாட்டிச் சொன்னார்: “நம்ம ஹாரன் மாதிரி ஆளுங்க வந்தா யாரு வேண்டாம்னு சொல்லப் போறாங்க? வரப்போறது வேற மாதிரி ஆளுங்கப்பா.”

“எந்த மாதிரி சார்?” என்று கேட்டார் ஹாரன்.

“உனக்குத் தெரியாதா என்ன?” என்று தலைவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் வக்கீல் விதிப் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னான். வட்டாரத்தில் குடியிருப்போர் மட்டுமன்றி, அங்கே பணிபுரிவோரும் கை உயர்த்தலாம். அவர்கள் கையும் எண்ணிக்கையில் சேரும். தலைவர் தொடையில் தட்டினார்.

“அப்ப நம்ம வீட்டு ஆளுங்க எல்லாரும் கை தூக்கலாமே! சமையல், டிரைவர், தோட்டம், வாட்ச்மேன்... ஒருத்தரையும் விடாதீங்க.”

“ஹாலே பத்தாது” என்றார் டாக்டரம்மா.

“ஹாரன், உன் வேன்ல ரெண்டு மூணு நடை அடிச்சுக் கொண்டாந்துடு. டீசல் சங்கம் போட்டுடும். வந்து உக்காந்தா போதும், நான் கை தூக்கும்போது தூக்கினா போதும். பேச வேண்டாம், குழம்பிடுவாங்க.”

படித்தவர்கள், பதவி பார்த்தவர்கள், பத்துப் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் அதற்கு மேல் ஓர் அடி யோசிக்கத் தோன்றவில்லை. தங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர் மாலையில் எங்கே போகிறார் என்று அவர்கள் கேட்டதே இல்லை. தெருமுனை தாண்டியதும் ஆவியாகி, காலையில் மறுபடி மனித உருவம் எடுத்துக் காலிங் பெல் அடிப்பதாக எண்ணம் போலும்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முதல் நடையிலேயே வேன் நெருக்கியடித்தது. பிள்ளைகளுக்கான சீட்டில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, எங்க கூட்டிட்டுப் போறீங்க? எங்க வீட்டம்மா ‘போயிட்டு வா’ன்னு மட்டும்தான் சொன்னாங்க” என்றாள் துணி தேய்க்கிறவள்.

“எங்க வீட்டு ஐயா கை தூக்கணும்னாரு. எந்தக் கைன்னு சொல்லல” என்றார் தோட்டக்காரர்.

“சாப்பாடு உண்டா?” என்றார் வாட்ச்மேன்.

ஹாரன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்து, விஷயத்தை முழுதாகச் சொன்னார். ஐஸ் தொழிற்சாலை மனை, வாடகை, யாருக்கு வீடு, எதற்குக் கூட்டம், எதற்குக் கை, எல்லாவற்றையும்.

“இருங்கண்ணே, இருங்க” என்றாள் துணி தேய்க்கிறவள். “நமக்கு வீடு வேண்டாம்னு சொல்ல, நம்மளையே வேன்ல ஏத்திட்டுப் போறாங்களா?”

“டீசலும் போட்டு” என்றார் ஹாரன்.

வாட்ச்மேன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. தோட்டக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிங்க, சிரிங்க. அங்க போயி மாத்திக் கை தூக்கினா நாளைக்கு வேலை இருக்குமா? எனக்கு மூணு பொண்ணுங்க.”

சிரிப்பு சட்டென்று நின்றது. முன் சீட்டிலிருந்த ஹாரனின் மனைவி திரும்பாமலேயே சொன்னார்: “நான் தலைவர் வீட்டுலதான் அடுப்பு பத்த வைக்கறேன். முதல் அடி எனக்குத்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவங்கவங்க கை, அவங்கவங்க தோள்ல இருக்கு.”

அடுத்த நடைகளிலும் ஹாரன் இதையே சொன்னார். ஹால் நிரம்பி வழிந்தது. முன் வரிசைகளில் தெரு. பின் வரிசைகளிலும் சுவரோரத்திலும் தெருவின் வேலைக்காரர்கள். தலைவர் அடிக்கடி திரும்பிப் பார்த்துப் பூரித்தார். வாரிய அதிகாரி ஒரு பெண், தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில் திட்டத்தைப் படித்து முடித்து, எதிர்ப்போரைப் பேசச் சொன்னார்.

பேசினார்கள். தலைவர் சாக்கடை பேசினார். டாக்டரம்மா தரம் பேசினார். வக்கீல் ஏழைகளின் நன்மைக்காகவே பேசினான்: இவ்வளவு வசதியான இடத்தில் குடியேறினால் அவர்களுக்கே தாழ்வு மனப்பான்மை வந்துவிடுமாம். பின் வரிசையில் யாரோ செருமினார்கள். இறுதியாக ஒரு மாமி எழுந்து, “நாங்க யாருக்கும் விரோதி இல்ல. வீடு கட்டட்டும், தாராளமா கட்டட்டும். இங்க வேண்டாம்னுதான் சொல்றோம்” என்றார். பலத்த கைதட்டல்.

“எதிர்ப்பவர்கள் கை உயர்த்தலாம்” என்றார் அதிகாரி.

முன் வரிசைகளில் கைகள் எழுந்தன. தலைவர் உயர்த்திய கையோடு பின்னால் திரும்பினார். பின்னால் ஒரு கையும் இல்லை. எல்லோரும் மடியில் கைவைத்து, சொல்லிவைத்தாற்போல் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் புருவத்தை உயர்த்தினார், கண்ணைக் காட்டினார், பிறகு வாய்விட்டே, “தூக்குங்கப்பா!” என்றார்.

“யாரும் யாரையும் தூண்டக் கூடாது” என்றார் அதிகாரி. எண்ணிக் குறித்துக்கொண்டார். “ஆதரிப்பவர்கள்?”

அப்போதும் கை எழவில்லை. அச்சம் எவ்வளவு கனமென்று அந்த ஹாலில் இருந்தவர்கள் அன்று பார்த்தார்கள். அதிகாரி பேனாவை மூடப் போனார்.

ஹாரன் எழுந்தார். இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளை அழைத்த குரல், மைக் இல்லாமலே ஹாலின் ஓடுகளைத் தொட்டது.

“நான் தூக்கறேன். எழுதிக்கோங்கம்மா. வேற மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு இவங்க பயப்படறாங்க. அந்த வேற மாதிரி ஆளு நான்தான். இவங்க வீட்டுச் சாவி என் பாக்கெட்டுல இருக்கு. இவங்க குழந்தைங்க என் தோள்ல தூங்கியிருக்கு. இவங்களுக்கு மூணு வேளையும் ஆக்கிப் போடறவ என் பொண்டாட்டி. எங்க கை சுத்தம், எங்க சமையல் சுத்தம், எங்க நாணயம் சுத்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும் நாங்க அசிங்கமா? எங்க உழைப்பு இந்தத் தெருவுல தங்கலாம், எங்க உடம்பு தங்கக்கூடாதா? என்ன சார் நியாயம் இது?”

தலைவர் வெளிறிப்போனார். “ஹாரன், உக்காருப்பா. உன்னைச் சொல்லலன்னு சொன்னேனில்ல?”

“என்னைச் சொல்லலன்னா வேற யாரை சார் சொன்னீங்க? பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு பேரு சொல்லுங்க!”

தலைவர் திரும்பி வக்கீலைப் பார்த்தார். ஹாரனின் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை உயர்த்தினார். துணி தேய்க்கிறவள் உயர்த்தினாள். பிறகு வாட்ச்மேன். தோட்டக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். ஒன்று போதும் என்று அதிகாரி சொல்லவேண்டியிருந்தது. அதற்கப்புறம் எண்ணுவதற்கே நேரம் பிடித்தது. திட்டம் நிறைவேறியது.

மறுநாள் காலை, தலைவர் வீட்டில் ஹாரனின் மனைவி அடுப்பருகே போகவில்லை, கேட்டிலேயே நிறுத்தப்பட்டார். “உப்பைத் தின்னுட்டு இப்படியா?” என்றார் வீட்டம்மா. அந்த வீட்டு உப்பின் அளவைப் பல ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தவர், திரும்பி நடந்தார். வேறு வேன் அமர்த்தப்பட்டது. தெருமுனைச் சிமெண்டுத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். தகரக் கூரையைப் பிரித்தார்கள். மற்றவர்களையும் பல வீடுகளில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் தாங்களே சமைத்து, தாங்களே பெருக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பினார்கள். இவர்கள் இருவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

தெரு தோற்றதாக நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சங்கம் நீதிமன்றம் போனது. வாரியம் சமரசம் பேசியது. சமரசம் என்றால் என்ன? மாடிகள் குறைந்தன. தெருப் பக்கம் வாசல் இல்லாமல், பின்புறச் சந்தில் ஒரு குறுகிய கேட் வைக்கப்பட்டது. நடுவே ஆளுயரத்துக்கு மேல் சுவர். கூடவே ஒரு புதிய விதி: சாவி கொடுக்கும் நாளில் விண்ணப்பதாரர் அதே வட்டாரத்தில் பணியில் இருக்கவேண்டும், அதற்கு முதலாளியின் சான்று வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் வளைவில் வாந்தி எடுத்த வக்கீல்.

2014இல் சாவிகள் கொடுத்தார்கள். துணி தேய்க்கிறவளுக்குக் கிடைத்தது. வாட்ச்மேனுக்கும் தோட்டக்காரருக்கும் கிடைத்தது. ஹாரன் அப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு துணி ஆலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மனைவி வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் அவரைக் கேட்காமலே அந்த முடிவை எடுத்துவிட்டது. முதல் சாவி தகுதியில்லை என்று திரும்பியது. அந்த வீட்டை அடுத்தவருக்கும் கொடுக்கவில்லை, கோப்பு முடியவில்லையாம். மூன்றாம் மாடியில் அது பூட்டியே கிடப்பதாகத் தோட்டக்காரர் வந்து சொன்னார்.

“நாங்க உள்ள இருக்கோம், நீங்க வெளிய இருக்கீங்க. எப்படிண்ணே உங்க முகத்தைப் பாக்கறது?”

“நிமிர்ந்து பாருய்யா. வீடு வாங்கினவன் எதுக்குத் தலை குனியணும்? குனிய வேண்டியவங்க வேற.”

அதுமுதல் திங்கட்கிழமை தோறும் வாரியத்தின் குறைதீர் கூட்டத்துக்குப் போனார் ஹாரன். அதிகாரிகள் மாறினார்கள், பேச்சு மாறவில்லை.

“நீங்க இப்ப அந்த வட்டாரத்துல வேலை பாக்கலியே, பெரியவரே.”

“ஏன் பாக்கலன்னு கேளுங்க.”

“அது விதியில இல்லையே.”

“அப்ப விதியில என்னதான் இருக்கு? பழிவாங்கறது மட்டும் இருக்கா?”

“சத்தம் போடாதீங்க.”

“இது சத்தமில்ல. என் குரலே இதுதான்.”

மனைவிகூட ஒருநாள் அலுத்துக்கொண்டார். “இப்ப நமக்கு அங்க என்னங்க வேலை? விடுங்க.”

“வேலை இல்ல. வீடு இருக்கு. நம்மளுது. அதைப் பூட்டி வெச்சுப் பாடம் நடத்தறாங்க. படிச்சுக்கிட்டு போறவன் நானில்ல.”

கடைசியில் வாரியம் ஒரு மாற்று வீட்டைக் காட்டியது: பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கும் அப்பால், இன்னும் சாலை போடாத புதுக் குடியிருப்பில். சம்மதம் என்று கையெழுத்திட்டால் பழைய கோப்பை மூடிவிடலாம் என்று புதிய அதிகாரி கனிவாகவே எடுத்துச் சொன்னார். பேனாவையும் திறந்து கொடுத்தார். ஹாரன் அந்தப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “ஐஸ் ஃபேக்டரி மனை, மூணாவது மாடி. அதைத் திறங்க” என்றார். பிறகு, அடுத்தவர் பேச வழிவிட்டு, குறைதீர் அறையின் முன் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து, அலுவலகம் மூடும்வரை எழுந்திருக்க மறுத்தார். அது 2018 ஜூன் 11, திங்கட்கிழமை; அவர் போன கடைசித் திங்கட்கிழமை.